சிவகுருநாதன் எடுத்த கோவில்பட்டிப் பையன்

கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு ஹொக்கி விளையாடத் தெரியாமல் இருக்குமா?

2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், எர்லாங்கன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பலசரக்குக் கடையின் களஞ்சிய அறையில் சிவகுருநாதன் இந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. அவர் எந்தக் கேள்வியையும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. அன்று என்னைக் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஊரைச் சொன்னதும் தலையாட்டியிருப்பேன், மற்ற எல்லோரையும் போல.

சிவகுருநாதனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கரவெட்டிக்காரர். எண்பத்து நாலில் ஜெர்மனிக்கு வந்து, நூர்ன்பெர்க்கில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு எர்லாங்கனில் இந்தக் கடையைப் போட்டவர். அவருடைய வயிறு அவருக்கு அரை அடி முன்னால் நடக்கும். ஊரில் அவர் விளையாடியது கரப்பந்து. அதிலும் பந்தைவிட வலையைத்தான் அதிகம் அடித்தார் என்று அவருடைய மனைவி புஷ்பராணி சொல்வார். ஹொக்கி மட்டையை அவர் முதன்முதலில் கையில் எடுத்ததே கடைத் தட்டின் உச்சியில் இருந்த அப்பளப் பெட்டியை இழுத்து இறக்குவதற்காகத்தான்.

அப்படிப்பட்டவர் ஒரு ஹொக்கி அணிக்குத் தலைவரானதற்குக் காரணம் ஜெர்மன் நடைமுறை. எர்லாங்கனில் வேலை செய்யும் இந்தியப் பொறியாளர்களுக்குக் குளிர்காலத்தில் கிரிக்கெட் விளையாட இடமில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம் சனிக்கிழமைகளில் சும்மா கிடந்தது. அதன் அலுமாரி நிறையப் பழைய ஹொக்கி மட்டைகள் இருந்தன. ஆனால் பதிவு செய்த சங்கத்துக்கு, அதாவது ஒரு வெரைனுக்குத்தான், மண்டபம் தருவார்கள். வெரைனுக்கு ஒரு தலைவர் வேண்டும். பொறியாளர்கள் எல்லோரும் இரண்டு வருடத்தில் அமெரிக்கா போகும் யோசனையில் இருந்தார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் பட்டம் முடிந்ததும் போய்விடுவார்கள். எங்கேயும் போகாத ஒரே தமிழர் என்று எல்லோரும் ஒருமனதாகக் கண்டுபிடித்தது சிவகுருநாதனைத்தான். அவர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, "அப்ப எனக்கும் ஒரு அணி வேணும்" என்றார்.

இப்படி மூன்று அணிகள் உருவாகின. பொறியாளர் அணிக்குத் தலைவர் சென்னைக்காரரான கிரிதர். பல்கலைக்கழக அணிக்குத் தலைவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் வாசுதேவன். மூன்றாவது கடை அணி. அதில் இரண்டு சமையல்காரர்கள், ஒரு பார்சல் வண்டி ஓட்டுநர், மீதிக்கு யார் அகப்படுகிறார்களோ அவர்கள். நாலு வருடமாகக் கடை அணிக்கு மூன்றாம் இடம். இருந்ததே மூன்று அணிதான். ஒரு கோடையில் சிவகுருநாதன், ஜெர்மனியிலேயே இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்குப் போய் அம்மனுக்கு நேர்த்திகூட வைத்துப் பார்த்தார். அம்மனுக்கு ஹொக்கியில் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்தியாவிலிருந்து புது மாணவர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களை அணிகளுக்குப் பிரித்து எடுக்கும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கிரிதர் கொண்டுவந்த விதி அது. கூடவே எழுதாத விதி ஒன்றும் இருந்தது. யார் ஒரு பிள்ளையை எடுக்கிறாரோ, அவர்தான் அந்தப் பிள்ளைக்கு அறை, சைக்கிள், குளிர்ச்சட்டை எல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நகர அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விலாசத்தைப் பதிய வேண்டும். எர்லாங்கனில் வேலைகூடக் கிடைத்துவிடும், அறை கிடைக்காது. அதனால் மட்டையைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள்கூட அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவாரிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சிவகுருநாதனிடம் கடைக்கு மேலே ஓர் அறை இருந்தது. அவருடைய முதல் தெரிவுக்கு அந்த அறை. ஆனால் அந்த வருடம் புஷ்பராணி ஒரு முடிவோடு இருந்தார்.

"நாலு வருஷமாய் உங்கடை ஹொக்கிப் பொடியளுக்குச் சோறு போட்டாச்சு" என்றார். "ஒருத்தன் ஓடினவன், பந்து எங்கை எண்டு பாக்காமல். இன்னொருத்தன் மார்கழியிலை கனடாவுக்கு ஓடினவன். இந்த முறையும் கடைசியாய் வந்தியளெண்டால், மேல் அறையை நான் ஒழுங்கான ஆளுக்கு வாடகைக்குக் குடுப்பன். இருக்கிற பொடியன் வெளியிலை."

"இந்த முறை பார் புஷ்பம்" என்றார் சிவகுருநாதன்.

"நாலு முறையும் பாத்தனான்."

அந்த ஞாயிறு கடைக்கதவு பூட்டியிருந்தது. மாணவர்கள் மேலே இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே களஞ்சிய அறையில் மூன்று தலைவர்களும் அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். கிரிதர் மடிக்கணினியைத் திறந்தார்.

"நான் ஒரு சின்ன ஷீட் போட்டிருக்கேன். ஸ்பீடு, ஸ்டாமினா, ஸ்டிக் ஒர்க். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க்."

"பிள்ளையள் ஓடினதை ஆர் பாத்தது?" என்று கேட்டார் சிவகுருநாதன்.

"யாரும் பாக்கல. அவங்க சொன்னத வச்சு போட்டேன்."

"அப்ப இது ஓட்டத்துக்கு மார்க் இல்லை. வாய்க்கு மார்க்."

கிரிதர் அதைக் காதில் வாங்கவில்லை. "டாப்ல ராகவ். சென்னைப் பையன், ஸ்கூல் டீம் கேப்டன். சொந்தமா ஸ்டிக் கொண்டு வந்திருக்கான். மொத்தம் இருபத்தெட்டு."

"மட்டையோடை வாறவனை நம்பேலாது" என்றார் சிவகுருநாதன். "எங்கடை ஊரிலை ஒருத்தன் வயலின் பெட்டியோடை திரிஞ்சவன். ஒரு நாள் திறந்து பாத்தம். உள்ளுக்கை சாப்பாடு."

வாசுதேவன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? ஓசூர்லருந்து தேஜஸ்வினின்னு ஒரு பொண்ணு வந்திருக்குதுங்க. ஜூனியர் ஸ்டேட் டீம்ல ஆடியிருக்குது. யோசிக்கலாம்ங்க."

"ஸ்டாமினாவுக்கு நான் மூணு போட்டிருக்கேன்" என்றார் கிரிதர்.

"ஏனுங்க மூணு?"

"பொண்ணு இல்லையா, ஒரு கெஸ்தான்."

"பெட்டை வந்தால் எங்கடை சமையல்காரர் பந்தைப் பாக்க மாட்டாங்கள்" என்றார் சிவகுருநாதன். "இப்பவும் அவங்கள் பந்தைப் பாக்கிறதில்லை, அது வேறை கதை. கடைசிக் கோட்டிலை ஒண்டும் நிரப்பேல்லையே, அது ஆர்?"

"அது பாரத்னு ஒருத்தன். என்ன கேட்டாலும் சிரிக்கிறான். ஊர் மட்டும் சொன்னான். கோவில்பட்டி."

வாசுதேவன் வாய்க்குக் கொண்டுபோன வடையைத் தட்டில் வைத்தார். கிரிதரும் தான் சொன்னதை அப்போதுதான் கேட்டவர் போல நிமிர்ந்தார். மேலே தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

"கோவில்பட்டிங்களா" என்றார் வாசுதேவன். "அந்த ஊர்ல தெருவுக்கு ஒரு டீம் இருக்கும்னு சொல்லுவாங்களே."

"தெருவுக்கு ரெண்டு" என்றார் கிரிதர். "என் காலேஜ்ல ஒரு கோவில்பட்டிப் பையன் இருந்தான். அவன் வாக்கிங் ஸ்டிக் வச்சே கோல் போடுவான்."

சிவகுருநாதன் கோவில்பட்டியை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எழுந்து நின்றார். "ஒண்டும் சொல்லாமல் சிரிக்கிறான் பாத்தியளோ? தெரிஞ்சவன் அப்பிடித்தான் இருப்பான். கோவில்பட்டியிலை பிறந்து வளந்தவனுக்கு ஹொக்கி விளையாடத் தெரியாமல் இருக்குமே?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஆளைக் கூப்பிட்டார்கள். இடியப்பம் ஒட்டிய கையோடு பாரத் இறங்கி வந்தான். நெடுநெடுவென்று உயரம், ஒல்லி, யாரைப் பார்த்தாலும் வருகிற ஒரு சிரிப்பு.

"தம்பி, கோவில்பட்டியிலை விளையாட்டு மைதானம் உங்கடை வீட்டுக்குக் கிட்டவோ?"

"எதிர்த்தாப்லதான் அண்ணாச்சி எங்க வீடு."

"அடிக்கடி போவியோ?"

"தெனமும் போவேன் அண்ணாச்சி. சின்னப் பிள்ளையிலருந்தே."

"போதும்" என்றார் சிவகுருநாதன். "இவன் எனக்கு."

"அண்ணாச்சி, அதுல ஒரு விஷயம் என்னன்னா…"

"அறை மேலை. கட்டில் இருக்கு. ஹீட்டர் வேலை செய்யும்."

பாரத் வாயை மூடிக்கொண்டான். வந்த நாளிலிருந்து அவன் ஒரு நண்பனின் விடுதி அறையில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் தரையில் படுத்துக்கொண்டிருந்தான். விடுதியைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் அதைக் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமைக்குள் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார். விலாசம் இல்லாவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் வங்கிக்கணக்கும் இல்லை, விசா நீட்டிப்பும் இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் "கட்டில்" என்ற சொல்லைக் கேட்ட ஒருவன், அதற்குப் பிறகு எந்த விஷயத்தைச் சொல்லுவான்?

ராகவ் கிரிதருக்குப் போனான். தேஜஸ்வினி வாசுதேவனுக்கு.

மறுநாளே ஊரெல்லாம் செய்தி. கொத்தமல்லி வாங்க வந்தவர்களுக்கும் சிவகுருநாதன் கோவில்பட்டியைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். பாரத்தை நகர அலுவலகத்துக்குக் கூட்டிப்போனபோது, அங்கிருந்த பெண்மணிக்கும் ஜெர்மன் மொழியில் விளக்கினார். அவர் கேட்டது பாஸ்போட்டை மட்டும்தான்.

முதல் பயிற்சி அந்தச் சனிக்கிழமை. பாரத் மட்டையைக் கையில் வாங்கினான். முற்றம் பெருக்கப் போகிறவன் மாதிரிப் பிடித்தான். ஹொக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். பாரத் உருண்டைப் பக்கத்தால் தொட்டான். பந்து அவனைப் பார்க்கவே பிடிக்காதது போலப் பின்பக்கமாகப் போனது.

சிவகுருநாதனுக்கு ஹொக்கி தெரியாதுதான். ஆனால் ஒருவனுக்கு ஒன்று தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு நாலு வருட அனுபவம் இருந்தது. மண்டபத்தின் மறுகோடியில் வாசுதேவனின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, தம்பிக்குக் கால் பிடிச்சுப்போட்டுது" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவனைத் தோளில் தாங்கி வெளியே கூட்டிப்போனார். பாரத்தும் நொண்டினான், தவறான காலால்.

களஞ்சிய அறைக்கு வந்ததும் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நீ ஏன் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி."

"கேட்டனான். தினமும் மைதானத்துக்குப் போவியோ எண்டு கேட்டனான்."

"போனேன். மிட்டாய் விக்க. எங்களுக்குக் கடலைமிட்டாய் யாவாரம். கிரவுண்டு கேட்டுக்குப் பக்கத்துல மூலைல நிப்பேன்."

"ஒரு நாளும் விளையாடேல்லையோ? கோவில்பட்டியிலை பிறந்துபோட்டு?"

"எங்க ஊர்ல எல்லாரும் ஹாக்கி ஆடுவாங்க அண்ணாச்சி. அதான் எனக்கு எடமே கெடைக்கல."

சிவகுருநாதன் மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"நான் ரூமைக் காலி பண்ணிருதேன் அண்ணாச்சி" என்றான் பாரத். "பழைய எடத்துல கேட்டுப் பாக்கேன்." சொல்லும்போது அந்தச் சிரிப்பு இல்லை. நவம்பர் தொடங்கியிருந்தது. வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள்களின் இருக்கைகளில் உறைபனி பிடித்திருந்தது.

உண்மையைச் சொன்னால் கிரிதர் குளிர்காலம் முழுவதும் சிரிப்பார். பையன் தெருவில் நிற்பான். புஷ்பராணி சொன்னது சரியாகிவிடும். இந்த மூன்றில் எதை அவரால் கொஞ்சமும் தாங்க முடியவில்லை என்று சொல்வது கஷ்டம். மூன்றாவதாகத்தான் இருக்கும்.

"ஒரு இடமும் போகவேண்டாம்" என்றார் கடைசியில். "இனிப் பயிற்சிக்கு வராதை. மட்டையைத் தொடாதை. ஆரும் கேட்டால் சிரி. அது உனக்கு வடிவாய் வருது."

அதன்பிறகு பாரத் ஒரு சனிக்கிழமையும் மண்டபத்துக்கு வரவில்லை. வராதவனைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வாசுதேவன் ஒரே கிழமையில் மூன்று தரம் கறிவேப்பிலை வாங்க வந்தார். தனி ஆள், அவ்வளவு கறிவேப்பிலையை என்ன செய்தார் என்று தெரியாது.

"தம்பி பிராக்டிஸுக்கு வர்றதில்லைங்களா?"

"கோவில்பட்டியிலை போட்டிக்கு முதல் மட்டையைத் தொடமாட்டினம்" என்றார் சிவகுருநாதன். "அது ஒரு விரதம்."

"அப்படிங்களா" என்றார் வாசுதேவன். பகலெல்லாம் ஆய்வுகூடத்தில் லேசர் ஒளியை அளந்து, ஆதாரம் இல்லாத எதையும் நம்பாத மனிதர். இதை நம்பிவிட்டார்.

மார்கழி பிறப்பதற்குள் பாரத் இந்திய இளையோர் பயிற்சி முகாமுக்குப் போனவன் என்று ஒரு கதை பரவியது. இதைச் சிவகுருநாதன் தொடக்கிவைக்கவில்லை. யாரும் கேட்டபோது மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை போட்டி. புஷ்பராணி ஒரு பெரிய பெட்டி ரோல்ஸோடும் தேநீர்ப் போத்தல்களோடும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நடுவர் ஹெர் லிண்ட்னர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். சிரிப்பதற்கும் ஒரு விதிமுறை இருந்தால் படித்துவிட்டுச் சிரிக்கக்கூடியவர். மண்டப ஹொக்கியில் ஓர் அணிக்கு ஆறு பேர், கோல்காவலரோடு சேர்த்து.

சிவகுருநாதன் பாரத்தைத் தனியே கூட்டிப்போனார். "வலது மூலையிலை போய் நில். மட்டையை நிலத்திலை வை. ஒருத்தரையும் பாக்காதை. பந்து வந்தால் விலத்து, ஒதுங்கிப்போ."

முதல் ஆட்டம் பல்கலைக்கழக அணியோடு. வாசுதேவன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். பாரத்துக்கு இரண்டு காவல். ஊசி குத்தினாலும் அவனை விட்டு விலகக்கூடாது என்று கட்டளை. மீதி மூன்று பேரை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடை அணியின் பார்சல் வண்டி ஓட்டுநர் ஒரு கோல் போட்டுவிட்டு, அதைத் தானே நம்பாமல் திரும்பிப் பார்த்தார்.

தேஜஸ்வினி ஆட்டக்காரர் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தன்னை ஏன் எடுத்தார்கள், எடுத்துவிட்டு ஏன் உட்காரவைத்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. வாங்கு வலது மூலைக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் பாதி முடிந்து காவல்காரர் இருவரும் தண்ணீர் குடிக்கப் போனதும், பாரத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ கேட்டுகிட்ட மிட்டாய் வித்த பையன்தானே?"

பாரத் சிரித்தான்.

"சிரிக்காத. அண்டர் நைன்டீன் டோர்னமென்ட்டுக்கு உங்க ஊருக்கு வந்திருந்தேன். சில்லறை இல்லன்னு எனக்கு ரெண்டு மிட்டாய் கூடக் குடுத்த."

"அக்கா, சொல்லிராதீங்க" என்றான் பாரத் மெதுவாக. "இன்னிக்குக் கடைசியா வந்தா எனக்கு ரூம் போயிரும்."

தேஜஸ்வினி மண்டபத்தைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள். "உன்னையாவது விளையாட விட்டாங்க" என்றாள்.

இரண்டாவது பாதியில் வேறு வழியில்லாமல் வாசுதேவன் அவளை இறக்கினார். "இவன நான் ஒருத்தியே பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க" என்று காவல்காரர்களைத் துரத்திவிட்டாள். அதன்பிறகு பாரத் நின்ற பக்கமே அவள் திரும்பவில்லை. தனியாகப் பந்தை எடுத்துப்போய் இரண்டு கோல் போட்டாள். ஒன்றுக்கு இரண்டு என்று கடை அணி தோற்றது. புஷ்பராணி பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தார். சிவகுருநாதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் பல்கலைக்கழக அணி பொறியாளர்களையும் வென்றது. இனிப் பொறியாளர்களும் கடை அணியும். தோற்பவர் கடைசி.

இடைவேளையில் கிரிதர் தேஜஸ்வினியிடம் வந்தார். "அந்தக் கோவில்பட்டிக்காரன எப்படி சமாளிச்ச?"

மூன்று மார்க் விஷயம் அவளுக்கு எப்போதோ எட்டியிருந்தது. இந்த ஊரில் களஞ்சிய அறையில் பேசியது கறிவேப்பிலையோடு வெளியே போய்விடும்.

"சமாளிக்கல சார். அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள். "ரெண்டு பேர் பத்தாது. மூணு பேர் போடுங்க. உங்க பெஸ்ட் பிளேயரையும் சேத்து."

கிரிதர் மூன்று பேர் போட்டார். சொந்த மட்டையோடு வந்த ராகவ் அதில் ஒருவன். சென்னையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த மட்டையை ஊன்றிக்கொண்டு, ஆட்டம் முழுவதும் ஒரு கடலைமிட்டாய் வியாபாரியின் முன்னால் நின்றான்.

"நீ என்ன பொசிஷன்?" என்று ஒரு தரம் கிசுகிசுத்தான்.

"இதே மூலைதான்" என்றான் பாரத். "ஊர்லயும் இங்கனதான் நிப்பேன்."

மற்றப் பக்கத்தில் சமையல்காரர்கள் நாலு வருடத்தில் முதல்முறையாகக் காற்றோட்டமான ஒரு மண்டபத்தைக் கண்டார்கள். கடை அணி முன்னால், இரண்டுக்கு ஒன்று. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, பக்கப் பலகையில் பட்ட பந்து ஒன்று உருண்டு உருண்டு வந்து பாரத்தின் காலடியில் நின்றது. கோல்காவலர் முன்னால் ஓடிவந்து விழுந்து கிடந்தார். கோல் திறந்து கிடந்தது. காவல்காரர் மூவரும் பயத்தில் அசையவில்லை.

"விலத்து" என்று கத்த வாயைத் திறந்தார் சிவகுருநாதன்.

பாரத் விலத்தவில்லை. இத்தனை வருடம் மூலையில் நின்றவனின் காலடிக்கு முதன்முதலாக ஒரு பந்து தானாக வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, உருண்டைப் பக்கத்தால், முழுப் பலத்தோடு இழுத்தான். பந்து தேநீர்ப் போத்தல்களுக்கு நடுவில் போய் விழுந்தது.

ஹெர் லிண்ட்னர் ஊதலை ஊதிவிட்டுப் பக்கத்தில் வந்தார். ஒருமையா மரியாதையா என்று ஒரு கணம் யோசித்து, மரியாதையாகவே கேட்டார். "நீங்கள் இதற்கு முன் எப்போதாவது இதைச் செய்திருக்கிறீர்களா?"

"நைன்" என்றான் பாரத். இல்லை என்பதற்கு ஜெர்மன் மொழியில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த சொல் அது.

மிச்சமிருந்த நேரம் குழப்பத்தில் ஓடிவிட்டது. ஆட்டம் முடிந்தது, இரண்டுக்கு ஒன்று. கிரிதர் மட்டையை எறிந்துவிட்டு வந்தார்.

"இது சீட்டிங் அண்ணே. இவனுக்கு ஹாக்கியே தெரியாது."

"என்னத்தை ஏமாத்தினது? அவன் ஒரு மூலையிலை நிண்டவன். நீங்கள்தான் மூண்டு பேர் காவல் நிண்டியள்."

கிரிதர் நடுவரிடம் போனார். ஹெர் லிண்ட்னர் விதிப்புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார். விளையாடுபவருக்கு விளையாடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை என்று அறிவித்தார். கடைசி முயற்சியாகக் கிரிதர் புஷ்பராணியிடம் வந்தார்.

"அக்கா, நீங்க ஒரு கண்டிஷன் போட்டீங்களாமே."

"ஓம். கடைசியாய் வரக்கூடாதெண்டு சொன்னனான். ஆர் கடைசி?"

கிரிதர் கொஞ்சம் யோசித்தார். "நாங்கதான்."

"பேந்தென்ன? ரோல்ஸ் எடுங்கோ."

வீட்டுக்குப் போகும் வழியில், காரின் பின் இருக்கையில் பாரத் வெறும் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

"அவனுக்கு விளையாடத் தெரியாதெண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும்" என்றார் புஷ்பராணி.

சிவப்பு விளக்கில் சிவகுருநாதன் வேண்டியதைவிடப் பலமாகப் பிரேக்கை மிதித்தார். "எப்பிடி?"

"முந்தி இருந்தவங்கள் அறைக்குள்ளை பந்தடிச்சுச் சுவரெல்லாம் உடைச்சவங்கள். இவன் வந்து இவ்வளவு நாள், மேலை ஒரு சத்தமில்லை. ஹொக்கிக்காரன் அப்பிடி இருப்பானே? சிவப்பு விழுந்தது எப்பவோ மாறிட்டுது, காரை எடுங்கோ. அடுத்த முறை நான் எடுக்கிறன்."

"காரையோ?"

"பொடியனை."

அடுத்த ஒக்டோபரில் புஷ்பராணியே களஞ்சிய அறைக்கு இறங்கி வந்தார். கிரிதர் புது ஷீட் கொண்டுவந்திருந்தார். கடைசியாக வந்தது அவர் அணி என்பதால் முதல் தெரிவு அவருக்கு. இரண்டாவது தெரிவு கடை அணிக்கு வந்ததும் புஷ்பராணி மாணவர்களை வரிசையாகப் பார்த்து, "உங்களிலை ஆர் இன்னும் நிலத்திலை படுக்கிறது?" என்று கேட்டார். கண்ணாடி போட்ட ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினான்.

"இவன் எனக்கு."

"என்ன பொசிஷன் அக்கா?" என்று கேட்டார் கிரிதர்.

"மேல் அறை."

பாரத் அதற்குள் மாணவர் விடுதியில் இடம் கிடைத்துப் போயிருந்தான். சனிக்கிழமைகளில் வந்து, தட்டைப் பக்கம் எது என்று தேஜஸ்வினியிடம் பழகினான். அந்தக் குளிர்காலம் கடை அணி மறுபடியும் மூன்றாவது. சிவகுருநாதன் மெல்ல ஞாபகப்படுத்திப் பார்த்தார். "கடைசியாய் வந்தால் பொடியன் வெளியிலை எண்டு ஒரு சட்டம் இருந்ததே, புஷ்பம்."

"அது நீங்கள் எடுத்த ஆக்களுக்கு" என்றார் புஷ்பராணி. "இது நான் எடுத்த ஆள்."

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும். தெரியாமல் இருக்கும், தாராளமாக இருக்கும். எல்லோரும் விளையாடுகிற ஊரில் யாராவது ஒருவர் மூலையில் நின்று மிட்டாய் விற்கத்தானே வேண்டும். இதை வாசித்தவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒக்டோபரில் பெட்டியோடு எர்லாங்கனுக்கு வந்து இறங்கும் பிள்ளைகள் யாரையும் தெரிந்தால், அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது, அங்கே போய் எங்கே படுக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும். கோவில்பட்டிக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்தால் நல்லது. அவர்கள் கோபித்துக்கொண்டால் சிவகுருநாதனின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார், எங்கேயும் போகவில்லை.